ஜவுளிக்கடையில் செங்கடல்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தர்மபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் கடல் மீன்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்த நாளில், நான் கடலைப் பார்த்ததே கிடையாது. நான் பார்த்த அதிகபட்சத் தண்ணீர் ஒகேனக்கல். அங்கேயும் அப்பா என்னைப் பாறைக்குப் பத்தடி தள்ளி நிற்கவைத்து, "பாத்தாச்சா? வா போலாம்" என்று கூட்டி வந்துவிட்டார். பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்திருந்தேன். கடல்வாழ் உயிரினங்கள் எல்லாம் எனக்குக் கல்லூரி லேபில், பாட்டிலுக்குள் மிதந்தபடிதான் அறிமுகம். (அந்த நட்சத்திர மீனுக்கு ஒரு கை உடைந்திருந்தது. நட்சத்திர மீனுக்கு மொத்தமே நாலு கைதான் என்று பரீட்சையில் எழுதிவிட்டு வந்தவள் நான்.)

அது எண்பதுகளின் நடுப்பகுதி. கடைத்தெருவில் காதர் பாயின் ஜவுளிக்கடைக்கு நேர் எதிரே இன்னொரு ஜவுளிக்கடை திறந்தார்கள். திறந்ததோடு விட்டார்களா? வாசலில் ஒரு பொம்மையை நிறுத்தினார்கள். கரண்ட்டில் ஓடுகிற பொம்மை. பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் குனிந்து வணக்கம் சொல்லும். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்தும் அரூரிலிருந்தும் முகூர்த்தப் புடவை எடுக்க வருகிற கூட்டம் அந்தப் பொம்மையைப் பார்த்து, பதிலுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, அப்படியே உள்ளே போய்விட்டது. காதர் பாய்க்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

எட்டாம் நாள் அவர் சென்னைக்குப் போய்த் திரும்பினார். அங்கே ஏதோ ஹோட்டலில் கடல் மீன் தொட்டி பார்த்திருக்கிறார். ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட மீன்கள், பூப்போல விரிகிற கடல் சாமந்தி, பவளப்பாறைக் கல். வந்ததும் ஆறடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி செய்யச் சொல்லிவிட்டார். கடலுக்கு எங்கே போவது? அதற்கும் வழி வைத்திருந்தார். தூத்துக்குடியிலிருந்து பெங்களூருக்கு உப்பு ஏற்றிப்போகிற லாரிகள் தொப்பூர் கணவாய் ஏறி தர்மபுரி வழியாகத்தானே போயாக வேண்டும்? அதில் மாரியப்பன் என்ற டிரைவரைப் பிடித்து, உப்பு மூட்டைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் பீப்பாய்களில் கடல் தண்ணீரையும், கூடவே மீன்களையும் கல்லையும் கொண்டுவர ஏற்பாடு செய்துவிட்டார். பாக்கி, அதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்.

"நீ மீனுக்குப் படிச்ச பொண்ணாமே?" என்று கேட்டார்.

"ஆமாங்க முதலாளி" என்றேன். நாலு கை நட்சத்திர மீனைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வீட்டில்தான் சிக்கல். பென்னாகரம் பக்கம் எங்கள் அப்பா மானாவாரியில் கேழ்வரகு போடுகிறவர். பெண்ணை ஜவுளிக்கடைக்கு, அதுவும் மீன் மேய்க்க அனுப்புவதா என்று குதித்தார். நானும் குதித்தேன். கடைசியில் ஓர் உடன்படிக்கை ஆனது. அந்த வேலை இருக்கிறவரைக்கும் என் கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது. வேலை போய்விட்டால் அவர் கைகாட்டுகிற மாப்பிள்ளைக்கு நான் கழுத்தை நீட்ட வேண்டும். ஆக, அந்த ஆறடித் தொட்டி கலங்காமல் இருக்கும் வரை நான் சுதந்திரப் பறவை. அப்பா ஒத்துக்கொண்டதற்குக் காரணம் எளிமையானது. மீன் ஒரு மாதம் தாங்காது என்று அவர் நினைத்தார்.

தாங்கியது. இரண்டு மாதம் ஜாம் ஜாம் என்று ஓடியது. தொட்டியைப் பட்டுப் பிரிவுக்குப் பக்கத்தில், ஜனங்கள் பாயில் உட்கார்ந்து புடவை பார்க்கிற இடத்தில் வைத்திருந்தார் பாய். கரண்ட் போனால் தண்ணீருக்குக் காற்றுக் கொடுக்கிற மோட்டார் நின்றுவிடும். அப்போது நான் சைக்கிள் பம்பை எடுத்து மூச்சு வாங்க வாங்க அடிப்பேன். அதைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும். எதிர்க்கடைப் பொம்மை ஆளில்லாத தெருவுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

வினை வேறு ரூபத்தில் வந்தது. நம் ஜனங்களுக்கு மீன் என்றால் கோயில் குளம். குளம் என்றால் பொரி. கல்யாண வீட்டுக்காரர்கள் புடவை எடுப்பதற்கு முன் ஒரு பிடி பொரியைத் தொட்டியில் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அதுகூடப் பரவாயில்லை. குளத்தில் வெல்லத்தைப் போட்டால், வெல்லம் கரைகிற மாதிரி உடம்பில் இருக்கிற மருவும் கரைந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டே, அந்த வேண்டுதலையும் இங்கேயே முடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். சுற்றுவட்டாரத்தில் இத்தனை பேருக்கு மரு இருக்கிறது என்பதே எனக்கு அந்தத் தொட்டியால்தான் தெரிந்தது. "போடாதீங்க" என்று சொன்னால், "வாயில்லா ஜீவன், ஒரு வாய் தின்னா என்னாம்மா?" என்று என்னைப் பாவி மாதிரி பார்ப்பார்கள்.

ஒருநாள் காலையில் மணல் மேல் குங்குமம் கொட்டின மாதிரி ஒரு திட்டு. மறுநாள் அது கோரைப்பாய் அளவு ஆனது. அதற்கடுத்த நாள் கல், கண்ணாடி, மோட்டார் குழாய் எல்லாவற்றையும் கொழகொழவென்று சிவப்பு ஆடை மூடிவிட்டது. ஆடை மேல் குட்டிக் குட்டிக் குமிழிகள் வேறு. கையால் எடுத்தால் கிழிந்த துணி மாதிரி வரும். சாயங்காலத்துக்குள் அதே இடத்தில் புதுத் துணி நெய்து வைத்திருக்கும். (ஜவுளிக்கடையில் இருக்கிறோம் என்று அதற்கும் தெரிந்துவிட்டது போல.)

இது என்னவென்று எனக்குச் சரியாகத் தெரியாது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. படித்ததில் ஞாபகம் இருந்த ஒரே வரியைப் பாயிடம் எடுத்துவிட்டேன். "இது ஒரு மாதிரி செம்பாசிங்க முதலாளி. செங்கடலுக்கே இந்த மாதிரிப் பாசியாலதான் பேரு வந்துச்சுன்னு சொல்லுவாங்க."

பாய் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "எங்க அத்தா கப்பல்ல ஹஜ்ஜுக்குப் போனவரும்மா. செங்கடலக் கண்ணால பாத்தவரு. நீலமாத்தான் இருந்துச்சுன்னாரு."

அதற்கு மேல் எனக்குப் பாடம் தெரியாது.

"இதப் பாரு வளர்மதி" என்றார். "ஆவணி மொத முகூர்த்தத்துக்கு ஜனம் வெள்ளிக்கெழம வந்து எறங்கும். அன்னைக்கும் தொட்டி இந்தக் கோலத்துல இருந்துச்சுன்னா, தண்ணியக் கொட்டிட்டு உள்ள ரவிக்கை பிட்டு அடுக்கிருவேன். கோவிச்சுக்காத."

அன்று வீட்டுக்குப் போனதும் அப்பா ஆசையாகக் கேட்டார். "பாசி எப்பிடி இருக்குது?" ஊரில் யாருக்கோ உடம்பு தேறுகிறதா என்று விசாரிக்கிற குரல். "நல்லா இருக்குது" என்றேன் கடுப்பாக. அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

அந்த ராத்திரியே பழைய நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். கல்லூரியில் தூங்கிவிட்ட வகுப்புகளையெல்லாம் இரண்டு நாளில் விழித்துப் படித்தேன். விஷயம் இவ்வளவுதான். மிச்சத் தீனி அழுகினால் பாசிக்கு விருந்து. தண்ணீர் அசையாமல் நின்றாலும் அதற்குக் கொண்டாட்டம். வெளிச்சம் இல்லாவிட்டால் அது பட்டினி. எனவே தீனியைக் குறைக்க வேண்டும், பாசியை உறிஞ்சி எடுக்க வேண்டும், கொஞ்சம் தண்ணீரை மாற்ற வேண்டும், மூன்று நாள் தொட்டியை இருட்டில் வைக்க வேண்டும். ரப்பர் ட்யூபை வாயில் வைத்து, மண்ணெண்ணெய் எடுப்பது போல உறிஞ்சி உறிஞ்சி பக்கெட் பக்கெட்டாகச் செம்பாசி எடுத்தேன். வாய்க்குள் போனது எவ்வளவு என்று இன்றுவரை கணக்கில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் விளக்கை அணைத்து, ஆடு மேய்க்கிறவர்கள் போர்த்துகிற கருப்புக் கம்பளி இரண்டை வாங்கி வந்து தொட்டியைச் சுற்றிப் போர்த்தினேன். அரை மணி நேரத்தில் பாய் ஓடி வந்தார். கல்யாணப் புடவை எடுக்க வந்த ஒரு குடும்பம் வாசற்படி ஏறி, கருப்பைப் பார்த்து, அப்படியே திரும்பிப் பொம்மைக்கு வணக்கம் வைக்கப் போய்விட்டதாம்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. நல்ல காரியத்துக்கு வர்றவங்க கருப்பப் பாத்தா நிப்பாங்களா? நீ இவங்க மத்தியில பொறந்து வளந்தவதானே, உனக்குத் தெரிய வேணாமா?"

தெரிந்திருக்க வேண்டும்தான். பாசியைப் பற்றித் தெரிந்த அளவு எங்கள் சாதி சனத்தைப் பற்றி எனக்குத் தெரியவில்லை. கடைசியில் பாயே ஒரு மஞ்சள் பட்டுப் புடவையை எடுத்துக் கம்பளி மேல் கொசுவம் வைத்துச் சுற்றி, ஒரு மல்லிகைச் சரமும் போட்டார். இப்போது அது திறப்பு விழாவுக்குக் காத்திருக்கிற சிலை மாதிரி ஆகிவிட்டது. "உள்ள என்னாங்க?" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். பாய் வியாபாரி, விடுவாரா? "வெள்ளிக்கெழம ஜும்மா தொழுகை முடிஞ்சதும் தொறப்போம். குடும்பத்தோட வாங்க" என்று சொல்லிவிட்டார்.

எனக்கோ தூக்கம் போனது. உள்ளே பாசி செத்திருக்கிறதா, மீன் செத்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கவும் முடியாது. பார்த்தால் உள்ளே வெளிச்சம் புகுந்துவிடும்.

வியாழக்கிழமை மாரியப்பன் லாரியில் புதுத் தண்ணீர் வந்தது. பீப்பாய் வந்ததும் ஒரு விரல் நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். வைத்தேன். சப்பென்று இருந்தது.

"அண்ணே, இது கடல் தண்ணியா?"

மாரியப்பன் தலையைச் சொறிந்தார். "கடல்ல புடிச்சதுதாம்மா. தொப்பூர் ஏத்தத்துல எஞ்சின் கொதிச்சுப்போச்சு. அவசரத்துக்கு அந்தத் தண்ணிய ரேடியேட்டர்ல ஊத்திட்டேன். வெறும் பீப்பாயாக் குடுக்கறது நல்லாவா இருக்கும்னு, சாப்புட்ட ஹோட்டல் கெணத்துல ரொப்பிட்டு வந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கே மனசு கேட்கவில்லை. "இதுக்குப் போயி கலங்குவாங்களா? லாரி நெறய உப்புதானே இருக்குது! எத்தன படி வேணும், சொல்லு" என்றார்.

சிரிக்காதீர்கள். கலந்தேன். கிணற்றுத் தண்ணீரில் மூட்டை உப்பைப் போட்டு, பழைய கடல் தண்ணீரை ஒரு நாக்கு, இதை ஒரு நாக்கு என்று மாற்றி மாற்றிச் சுவைத்து, இரண்டும் ஒன்றுபோலக் கரித்ததும், கம்பளி ஓரத்தை விரலளவு மட்டும் தூக்கித் தொட்டியில் ஊற்றினேன். ஒரு விஞ்ஞானியின் பெருமையோடு ஊற்றினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை. பாய் தொழுகை முடித்து அத்தர் மணக்க வந்து நின்றார். கடை கொள்ளாத கூட்டம். பாயில் அரைவட்டமாக உட்கார்ந்து புடவைக் குவியலுக்கு நடுவே ஜனங்கள் காத்திருந்தார்கள். நான் மஞ்சள் பட்டை அவிழ்த்து, கம்பளியை உருவி, விளக்கைப் போட்டேன்.

பளிச்சென்று இருந்தது! வெள்ளை மணல், வெள்ளைக் கல், ஆறு மீனும் ஆறு மீனாக. மூலையில் மட்டும் செத்த பாசி ஒரு கந்தலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "அடேயப்பா!" என்று கூட்டம் வாய் பிளந்தது. பாய் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு இரண்டு வருடத்துக்கு வேலை உறுதி என்று தெரிந்துவிட்டது. அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கைதட்டல் கேட்டால் எனக்குத்தான் கால் தரையில் பாவாதே! "இந்த மிச்சத்த எப்பிடி எடுக்கறேன், பாருங்க" என்று ட்யூபை ஸ்டைலாக உறிஞ்சி, ஒரு முனையைத் தொட்டியிலும் மறு முனையைக் கீழே பக்கெட்டிலும் விட்டுச் செயல்முறை விளக்கம் ஆரம்பித்தேன்.

அப்போதுதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தோரம் ஒரு மரு. அரக்குக் கலர் பட்டு ஒன்றை எடுத்து மடியில் போட்டிருந்தவர், அதைக் குவியல் மேல் வைத்துவிட்டு எழுந்து தொட்டியருகே வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே எலுமிச்சம்பழம் அளவுக்கு வெல்லம்!

மூன்று நாள் தூக்கமில்லாதவள் நான். "வேணாம்!" என்று பாய்ந்தேன். அதற்குள் வெல்லம் தொப்பென்று விழுந்துவிட்டது.

"உங்களுக்கெல்லாம் அறிவு இருக்குதா?" என்று கத்தினேன். "உங்க கழுத்து மருவுக்கு என் மீனுங்கதான் கெடச்சுதா? மரு போகணும்னா டாக்டர்ட்ட போங்க! இங்க வந்து எங்க உயிர வாங்காதீங்க!"

தொட்டிக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். புதிதாகச் சேர்ந்த சேல்ஸ்மேன் என்று நினைத்து அவர் மேலும் பாய்ந்தேன். "சும்மா நின்னு வேடிக்க பாக்கறதுக்கா உங்களுக்குச் சம்பளம்? அந்த டீ வடிகட்டிய எடுத்து வெல்லத்த அள்ளுங்க, கரையறதுக்குள்ள!"

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, பொரி அள்ள நான் தொட்டியோரம் வைத்திருந்த வடிகட்டியை எடுத்து, நிதானமாக வெல்லக் கட்டியை அள்ளி எடுத்தார். எடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "உப்பு அளவு எதுலங்க பாக்கறீங்க?"

"நாக்குல" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு முட்டியது. அந்த நேரத்தில்தான், "யா அல்லா!" என்று பாயின் அலறல் கேட்டது.

நான் பாய்ந்த வேகத்தில் என் முழங்கை ட்யூபை இழுத்துவிட்டிருக்கிறது. பக்கெட்டிலிருந்த முனை வெளியே குதித்து, பாயில் விரித்திருந்த பட்டுப் புடவைக் குவியலில் விழுந்து, இவ்வளவு நேரமும் சத்தமில்லாமல் கடலைக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. உச்சியில் இருந்தது அந்த அம்மா எடுத்த அரக்குப் பட்டு. அதன் கொசுவம் முழுக்க உப்புத் தண்ணீர். கூடவே, மூலையில் தொங்கிய கடைசிச் செம்பாசியும் வந்து புடவை மேல் ஒட்டியிருந்தது. அரக்கு மேல் அரக்கு என்பதால் அது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

அந்த நொடியைப் பார்த்து வாசலில் எங்கள் அப்பா நுழைகிறார்! துவைத்த வேட்டி, தோளில் புதுத் துண்டு. என்னையும் பார்க்கவில்லை, தண்ணீரையும் பார்க்கவில்லை. நேராக அந்த அம்மாவிடம் போய்க் கும்பிட்டு, "என்னாங்க, பொண்ணப் பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தமுங்க" என்றார் அந்த அம்மா, நனைந்த புடவையைப் பிழிந்தபடி. "கேக்கவும் கேட்டம்."

வீட்டுக்கு வந்து பெண் பார்த்து, அப்புறம் பிடிக்கவில்லை என்றால் இரண்டு பக்கமும் சங்கடம். அதனால் முதலில் கோயிலிலோ கடையிலோ தற்செயல் மாதிரி பார்த்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். பாசி ஜெயிக்கும் என்று நம்பி அப்பா நாலு நாள் முன்பே பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அவர்கள் பார்த்து முடிக்கட்டும் என்று எதிரே டீக்கடையில் காத்திருந்திருக்கிறார். அந்த அம்மா மாப்பிள்ளையின் தாயார். நான் சம்பளத்தைப் பற்றிப் பேசிய வெள்ளைச் சட்டை, மாப்பிள்ளை. பால் சொசைட்டியில் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சோதிக்கிற வேலை. சட்டைப் பையில் லாக்டோமீட்டர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான்தான் கவனிக்கவில்லை.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பட்டுப் பிரிவின் கடைசி அலமாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். பாய் வந்தார். திட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

"போதும்மா. கடலு நமக்கு ஒத்துக்கல" என்றார். "இந்த மீனுங்கள மாரியப்பன் லாரியிலயே திருப்பி அனுப்பிரலாம். தங்க மீனு வாங்கி விட்டுக்கறேன். அது பொரியும் திங்கும். அதுக்கு எதுக்கு ஒரு பி.எஸ்ஸி.?"

அப்படியாகப் பாசியை ஜெயித்த அன்றே எனக்கு வேலை போனது. ஆறு மீனையும் கடலில் விட்டுவிட்டதாக மாரியப்பன் பிற்பாடு சத்தியம் செய்தார். விட்டாரா வறுத்தாரா, அவருக்கே வெளிச்சம்.

வெளியே வந்தபோது அந்த அம்மா போகாமல் உட்கார்ந்திருந்தார். அரக்குப் பட்டைப் பார்சல் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். "வேற எடுத்துக்கங்கம்மா, இது நனைஞ்சது" என்று பாய் கெஞ்சினார். "இது இருக்கட்டும். இவ நனைச்சத இவளே கட்டிக்கட்டும்" என்றார் அந்த அம்மா.

அப்பாவின் முகம் மலர்ந்தது. எனக்கோ உடன்படிக்கை ஞாபகம் வந்து ஆத்திரம் பொங்கியது. இனி கெட என்ன இருக்கிறது என்று கேட்டே விட்டேன். "எனக்கு வேலைக்குப் போகணுங்க. வூட்ல உக்கார மாட்டேன்."

"உக்காரச் சொன்னது யாரு?" என்றார் அந்த அம்மா. "இத்தன பேரு மத்தியில என் மருவப் பத்திக் கத்தறியே, உன்னய வூட்ல வெச்சுக்கிட்டு நான் என்னா பண்றது? பள்ளிக்கூடத்துக்குப் போ. புள்ளைங்க பயப்படும்."

கல்யாணத்துக்குப் பிறகு பி.எட். படித்தேன். முப்பது வருடம் விலங்கியல் டீச்சர். நட்சத்திர மீனுக்கு ஐந்து கை என்று தவறாமல் சொல்லிக்கொடுத்தேன். அத்தையின் மரு அடுத்த தையில் தானாக உதிர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கா போனேன், கடல் தண்ணியில வெல்லம் போட்டேன் என்று இன்றைக்கும் என் காதில் விழுகிற மாதிரி சொல்வார்.

அந்த அரக்குப் பட்டுதான் என் முகூர்த்தப் புடவை. பட்டைத் தண்ணீரில் போடக் கூடாது என்று அத்தை அதை அலசவே விடவில்லை. உப்பு உள்ளேயே தங்கிவிட்டது. அதன் விளைவு என்னவென்றால், காற்றில் ஈரம் ஏறினால் போதும், பீரோவுக்குள் இருக்கிற புடவையின் கொசுவப் பகுதி மட்டும் பிசுபிசுவென்று நசநசக்கும். எங்கள் தெருவே மழைக்கு எங்கள் பீரோவைத்தான் கேட்கும். வேர்க்கடலையைக் காயப்போடுவதற்கு முன், "டீச்சரம்மா, புடவ என்னா சொல்லுது?" என்று குரல் வரும். என் கணவர் விரலால் தொட்டுவிட்டு லாக்டோமீட்டர் பார்க்கிற முகத்தோடு தீர்ப்புச் சொல்வார்.

போன மாதம் பேத்தியின் காது குத்துக்கு எல்லோரும் கிளம்பி நின்றோம். மழைக்கு வாய்ப்பே இல்லை என்று டிவியில் அடித்துச் சொன்னார்கள். அத்தைக்குத் தொண்ணூறு ஆகிறது. நாற்காலியை விட்டு அசையவில்லை.

"டிவிய விடு வளரு. போயி உன் கடலத் தொட்டுப் பாத்துட்டு வா."

போய்த் தொட்டுப் பார்த்தேன். திரும்பி வந்து எல்லோருக்கும் ஆளுக்கொரு குடை எடுத்துக் கொடுத்தேன். மண்டப வாசலில் கொட்டோ கொட்டென்று கொட்டிய மழையில் நனையாமல் இறங்கியது எங்கள் வீட்டு வேன் மட்டும்தான்.